கூரை தருவோர் உளர். உறுதி தருவோர் எங்கே?

ஏழைக்கு வீடு கட்டிக் கொடுப்பது அறச்செயல் என்பதை மறுப்பார் இலர். நாடா வெட்டப்படுகிறது, மங்கல விளக்கு ஏற்றப்படுகிறது, பிரமுகர் ஒருவர் திறப்பைக் கையளிக்கிறார், படமும் பத்திரிகையில் வெளியாகிறது. அவ்வீடு நிற்கும் காணியின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பார் மட்டும் அங்கே இல்லை. நாம் கேட்கிறோம். திறப்பு ஒருவர் கையிலும் உறுதி வேறொருவர் பெட்டியிலும் இருக்குமாயின், உள்ளே வாழ்பவர் வீட்டுக்காரரா, அல்லது இறக்கத்தின் பேரில் இருக்கவிடப்பட்ட குடியிருப்பாளரா?

இக்கேள்விக்கு விடை காண, நம் நாட்டிலும் பணியாற்றிய ஒரு கிறிஸ்தவ அறநிறுவனத்தின் வரலாற்றை நோக்குவது பயன் தரும். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 1942 ஆம் ஆண்டு கிளாரன்ஸ் ஜோர்டன் என்னும் சமயப் போதகர் கொய்னோனியா என்ற பண்ணையை அமைத்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே வயலில் உழைத்த பண்ணை அது. அதனைப் பொறாத நிறவெறியர் 1950களில் அதன் விளைபொருளைப் பகிஷ்கரித்தனர். துப்பாக்கிச் சூடும் நடத்தினர். பண்ணை அழியவில்லை. அந்த மண்ணில் விளைந்த எண்ணத்தையே மில்லார்ட் புல்லரும் அவர் துணைவியார் லிண்டாவும் 1976 ஆம் ஆண்டு ‘ஹபிடாற் போர் ஹியூமனிற்றி’ என்ற நிறுவனமாக வளர்த்தெடுத்தனர்.

அதன் முறை எளிது. வீட்டை இலாபமின்றி விற்பது. விலையை வட்டியில்லாத் தவணைகளாகப் பெறுவது. வீடு பெறும் குடும்பமும் தன் உழைப்பை அவ்வீட்டுக்கும் அயலவர் வீட்டுக்கும் நல்குவது. திரும்பி வரும் பணத்தைக் கொண்டு அடுத்த வீட்டைக் கட்டுவது. வறியவனிடம் வட்டி வாங்காதே என்னும் யாத்திராகமத்தின் கட்டளையையே அவர்கள் கணக்குப் புத்தகத்தின் விதியாக்கினர். வீடு பெற்றவன் எவர் முன்னும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவன் கடன் தீர்த்தவன், உறுதி உடையவன்.

மதம் மாற்றுவதற்கான தூண்டில் இது என்று ஐயுறுவோர் நம்மிடையே உளர். வீடு பெறுவதற்கு மதம் ஒரு நிபந்தனையன்று என்பது அந்நிறுவனத்தின் வெளிப்படையான கொள்கை. ஐயுறுவோரை நாம் ஒன்று கேட்போம்: இலட்சம் இலட்சமாகச் செலவிட்டு இராஜகோபுரம் எழுப்பும் நம் ஆலயங்களுள், அயலிலுள்ள காணியற்ற குடும்பத்துக்கு வட்டியில்லாக் கடன் வழங்க நிதியம் அமைத்தவை எத்தனை?

வடக்கில் நடந்தது

2010 ஆம் ஆண்டு இந்தியா அறிவித்த 50,000 வீடுகளுள் 46,000 வடக்கு கிழக்குக்கு உரியவை. அவற்றைக் கட்டுவித்த அமைப்புகளுள் ஹபிடாற்றும் ஒன்று. வீட்டுக்கு 5,50,000 ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டது. உரிமையாளரே மேசனைப் பிடித்து, மணலும் சீமெந்தும் வாங்கிக் கட்டுவித்தனர். இங்கே பணம் கடனன்று, நன்கொடை. அது முற்றிலும் முறையே. போரில் வீட்டை இழந்தவனிடம் வீட்டுக்கு விலை கேட்பது அறமாகாது. அவனுக்குக் கிடைத்தது தருமமுமன்று. இழப்பில் ஒரு பகுதிக்கான ஈடு.

ஆயினும் இரு குறைகளை மறைத்தல் தகாது. பொருள்களின் விலை ஏற, கொடுத்த பணம் கூரை வரை எட்டாத வீடுகள் பல. எஞ்சிய வேலைக்கு நகையை ஈடு வைத்தோரும், வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் கம்பனிகளிடம் சிக்கியோரும் உளர். வட்டியில்லா வீடு என்னும் இலட்சியம் வட்டிக்காரன் வாசலில் முடிந்தமை எவ்வளவு கொடுமை! இரண்டாவது, காணி உள்ளவனுக்கே வீடு என்பது விதி. சாதியின் பேரால் தலைமுறை தலைமுறையாகக் காணி மறுக்கப்பட்டவனும், சொந்தக் காணி இராணுவ வேலிக்குள் அகப்பட்டவனும் அவ்விதியால் வெளியே நிறுத்தப்பட்டனர். முன்னதற்கு அரசாங்கத்தை மட்டும் குறை கூறித் தப்பிக்கொள்ள நம்மால் இயலாது.

அரசாங்கம் செய்ததோ வேறு. வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தப் போவதாக அறிவித்தது. ஒன்றின் செலவு இருபது இலட்சம் ரூபாவுக்கும் மேல். அதில் ஏறக்குறையப் பாதிச் செலவில் கல்வீடு கட்டலாம் என்று அறிந்தோர் எடுத்துக் காட்டினர். நம் வெயிலுக்கு ஒவ்வாத, நம் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை தராத அத்திட்டம், எதிர்ப்பு வலுத்த பின்னரே பின்வாங்கியது.

மலையகத்தின் வினா

மலையகத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இரு நூற்றாண்டுகளாக இந்நாட்டின் செல்வத்தைத் தம் முதுகில் சுமந்த மக்கள், இன்றும் பெருந்தொகையாய் லயன் அறைகளில் வாழ்கின்றனர். 1948 ஆம் ஆண்டின் சட்டம் அவர்தம் குடியுரிமையைப் பறித்தது. பின்னர் 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டு அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் கைமாறியது. துரை மாறினான், கொடி மாறியது, கம்பனி மாறியது, லயன் மாறவில்லை.

2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. ஆபத்து உண்டென முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. அம்மக்கள் ஏன் அகலவில்லை என்று கேட்டோர் உளர். அகன்று எங்கே செல்வது? தமதென்று ஓரடி நிலமேனும் உடையவனுக்கன்றோ வேறிடம் உண்டு!

பின்னர் அவர்களுக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்றனர். நம் உழவர் அறிந்த கணக்கிற் சொன்னால், பத்துப் பேர்ச் கொண்ட ஒரு பரப்புக்கும் அது குறைவு. இந்தியா முதலில் 4,000 வீடுகளும், 2017 ஆம் ஆண்டு நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளும் தருவதாக அறிவித்தது. நன்றி கூறுகிறோம். ஆனால் அயல்நாடு கல்லும் சீமெந்தும் தரலாம். இந்நாட்டுக் காணிக்கு உறுதி எழுத வல்லது இந்நாட்டு அரசாங்கம் ஒன்றே. சம்பளத்திலிருந்து வீட்டுக் கடனைக் கழிக்கக் கொடுத்தும் உறுதியைக் காணாத தொழிலாளர் மலையகத்தில் உளர். கடனுக்கு மட்டும் அவன் சொந்தக்காரன், காணிக்கு அந்நியன்! ஜோர்ஜியாவின் போதகர் வகுத்த முறையை இங்கே தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆகவே நாம் கோருவன மூன்று. கட்டப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும், பதிவு செய்யப்பட்ட முழு உரிமை உறுதி, கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படல் வேண்டும். காணியற்றோர்க்கு வீட்டுக்கு முன் காணி ஒதுக்கப்படல் வேண்டும். வீட்டை நிறைவு செய்ய வட்டியில்லாக் கடன் நிதியம் ஒன்று மாவட்டந்தோறும் நிறுவப்படல் வேண்டும்.

முதல் இரண்டும் அரசாங்கத்தின் கடமை. மூன்றாவது நம் கைக்கு எட்டியது. சட்டத்தரணிகளே, உறுதி எழுதக் கூலி வாங்காது முன்வாருங்கள். பொறியியலாளரே, மலிவான உறுதியான வீட்டுக்குப் படம் வரையுங்கள். உழவர்களே, அறுவடையில் ஒரு பங்கு கடனாய் ஈந்து, வட்டியின்றி மீளப் பெறுங்கள். பிறநாட்டு அறவோர் சுத்தியலுடன் வந்து நம்மவர்க்குச் சுவர் எழுப்பினர். நாம் கைகட்டிப் பார்த்து நிற்பது நமக்குப் பெருமையோ?