மாசத்துக்கு இருபது பாட்டு

மார்கழி பிறந்தாச்சு. எங்க பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடிச்சு நிக்குது, பருத்தி பூ விட்டிருக்கு. இந்த மாசத்துக்கான பாட்டுப் பட்டியலை நேத்துத்தான் போன்ல போட்டு முடிச்சேன். மாசத்துக்கு 20 பாட்டுன்னு ஒரு கணக்கு வச்சிருக்கேன். அதுல 19 பாட்டைத்தான் நான் போடுவேன். 20ஆவது இடம் காலியா இருக்கும். ஏன் காலின்னு பின்னாடி சொல்றேன்.

மாசம்னு நான் சொல்றது தமிழ் மாசம். ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் எங்க கரிசக்காட்டுல பெரிய வித்தியாசம் கிடையாது. தைக்கும் மாசிக்கும் உண்டு. அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி வரைக்கும் வானத்தைப் பார்த்து வெள்ளாமை செய்யிற பூமி இது. என்ன மாசம்ங்கிறதை வச்சுத்தான் கையில என்ன வேலை, மனசுல என்ன கவலைன்னு தெரியும். அதனால பாட்டும் மாசத்தை ஒட்டித்தான் இருக்கணும்ங்கிறது என் கருத்து.

நகரத்துல இருக்கிற நம்ம பிள்ளைங்க பாட்டுப் பட்டியல் போடுற விதமே வேற. சந்தோஷத்துக்கு ஒண்ணு, சோகத்துக்கு ஒண்ணு, ஜிம்முக்கு ஒண்ணு, தூங்குறதுக்கு ஒண்ணு. தப்புன்னு சொல்ல வரலை. ஆனா அந்தப் பட்டியல் எல்லாம் நம்மளையே சுத்திச் சுத்தி வருது. நான் எப்படி இருக்கேன், எனக்கு என்ன தோணுது, அவ்வளவுதான். வெளியில மழை பெய்யுதா, ஊருல என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு போன்ல இருக்கிற செயலி வேற, நேத்து கேட்டதை வச்சே இன்னைக்கும் எடுத்துக் கொடுக்குது. ஒரே சால்லயே திரும்பத் திரும்ப ஏர் ஓட்டுற மாதிரி. மாடும் களைச்சுப் போகும், காடும் உழுதபாடில்லை.

எங்க ஆளுக பருத்தியை மட்டும் தனியா விதைக்க மாட்டாங்க. ஊடால உளுந்து, பாசிப்பயறு, ஓரத்துல ஆமணக்கு. ஒண்ணு பொய்ச்சாலும் ஒண்ணு கை கொடுக்கும், மண்ணும் கெடாது. காதுக்கும் அதே கதைதான். ஒரே வகைப் பாட்டைக் கேட்டுக்கிட்டே இருந்தா கேக்குற சக்தியே மங்கிப் போகும்.

பல வகைப் பாட்டைக் கலந்து கேக்குறது ஏதோ இப்ப வந்த நாகரிகம்னு நினைச்சுடாதீங்க. நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஊருக்கு இலங்கை வானொலி நல்லாவே எடுக்கும். திருநெல்வேலி வானொலியும் எடுக்கும். காலையில பக்திப் பாட்டுன்னா முருகன் பாட்டும் வரும், இயேசு பாட்டும் வரும், அல்லா பாட்டும் வரும். கல்யாண வீட்டுல குழாய் கட்டினாங்கன்னா முதல்ல சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரைக் கூப்பிடுவார். அப்புறம் மதுரைக்காரர் டி.எம்.எஸ். முருகனைப் பாடுவார். கொஞ்ச நேரத்துல நாகூர் ஹனிபா கணீர்னு வருவார். அவர் பேருலதான் நாகூர் இருக்கு, பிறந்தது நம்ம ராமநாதபுரம். அதுக்குப் பிறகு காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம், மத்தியானத்துக்கு மேல சினிமாப் பாட்டு. வரப்புல நின்னு களை வெட்டுறவன் காதுக்கு எல்லாம் ஒண்ணா வந்து சேரும். இது கர்நாடகம், இது கிராமியம்னு யாரும் எங்களுக்குப் பிரிச்சுச் சொன்னதில்லை.

பிறகு கேசட் வந்துச்சு. அருப்புக்கோட்டையில ரெக்கார்டிங் கடைக்குப் போய், ஒரு துண்டுத் தாள்ல பாட்டுப் பேரை வரிசையா எழுதிக் கொடுத்துட்டு வருவோம். 60 நிமிஷக் கேசட்டுன்னா ஒரு பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாட்டுத்தான் பிடிக்கும். ஒரு பாட்டைச் சேர்க்கணும்னா இன்னொண்ணை அடிக்கணும். அந்த நெருக்கடிதான் யோசிக்க வச்சது. இப்ப போன்ல கோடிப் பாட்டு இருக்கு, அதனாலேயே எதையும் தேர்ந்தெடுக்கிறதில்லை. நான் 20ன்னு கணக்கு வச்சது அதுக்காகத்தான்.

எல்லா மாசத்தையும் சொல்லப் போறதில்லை. சிலதை மட்டும் சொல்றேன்.

சித்திரையில அழகர் வர்ணிப்புப் பாட்டு முதல் இடம். மதுரைக்கு அழகர் வர்றதை நடையா நடந்து பாடுற பாட்டு அது. ஆடியில எல்.ஆர். ஈஸ்வரி இல்லாம எந்த ஊரு இருக்கு? ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போற கூட்டத்துல அவங்க குரல் கேக்காத ரோடே கிடையாது. புரட்டாசியில மட்டும் பட்டியலைச் சின்னதா வச்சுக்குவேன். விதையை வச்சுக்கிட்டு மேகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கிற மாசம், பாட்டு உள்ள இறங்காது. ஐப்பசியில நல்ல மழை விழுந்து விதைப்பு முடிஞ்சா இளையராஜாவைத் தாராளமாப் போடுவேன். 1976ல 'அன்னக்கிளி' வந்தப்ப, நம்ம வீட்டுப் பொம்பளைங்க பாடுற மெட்டு மாதிரி இருக்கேன்னு ஊரே பேசுச்சு. பண்ணைப்புரத்துல பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோட ஊர் ஊராப் போய்க் கச்சேரி பண்ணுன மனுஷன். அவருக்குத் தெரியாத மண்ணா?

இப்ப நடக்கிற கார்த்திகை, மார்கழி காவல் மாசம். மக்காச்சோளம் பால் பிடிச்சா காட்டுப்பன்னி கூட்டம் கூட்டமா இறங்கும். ஒரு ராத்திரியில அரை ஏக்கரைச் சாய்ச்சுட்டுப் போயிடும். அதனால பரண் கட்டி ராத்திரி முழுக்க ஸ்பீக்கர்ல பாட்டு ஓட விடுறோம். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, ஒரே பாட்டை நாலு நாள் போட்டா பன்னிக்குப் பழகிப் போகுது. பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும், அது பாட்டுக்குக் கதிரை முறிச்சுக்கிட்டு இருக்கும். மாத்தி மாத்திப் போட்டாத்தான் மிரளுது. நாதஸ்வரம், அடுத்து பறை, அடுத்து வில்லுப்பாட்டு, நடுவுல வசனம். பன்னிக்கே ஒரே வகைப் பாட்டு அலுத்துப் போகுதுன்னா மனுஷனுக்குக் கேக்கணுமா!

பரண்ல உக்காந்திருக்கும்போது நான் தவறாமப் போடுறது 'வள்ளி திருமணம்' நாடகப் பாட்டு. சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம். வள்ளியும் தினைப்புனம் காத்தவதான், ஆலோலம் பாடிக் குருவி விரட்டுனவதான். அவளுக்குக் காவல்ல முருகன் வந்தான், நமக்குப் பன்னிதான் வருது. விடியக் காலத்துல ஆண்டாள். திருப்பாவை பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் எங்க மாவட்டம்தான். அதோட ரமணரோட அட்சரமணமாலை. திருவண்ணாமலைச் சாமியார்னு எல்லாருக்கும் தெரியும். அவர் 1879ல பிறந்தது திருச்சுழியில, இப்படி ஒரு மார்கழித் திருவாதிரையிலன்னு வெளியூர்க்காரங்களுக்கு அவ்வளவாத் தெரியாது. மாசக் கடைசி வரைக்கும் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனையும் பட்டியல்ல உண்டு, கிறிஸ்துமஸ் வருதில்ல.

மாசி, பங்குனி பருத்தி எடுக்கிற மாசம். அதுக்கு என் மகன் சென்னையில இருந்து ஒரு பாட்டு அனுப்பினான். மட்டி வாட்டர்ஸ்னு ஒரு கறுப்பினப் பாடகர். அமெரிக்காவுல மிசிசிப்பி பக்கம் பருத்திக் காட்டுல கூலி வேலை பார்த்தவர். அங்க பருத்தி எடுத்த கறுப்பின மக்களோட வேலைப் பாட்டுல இருந்து வந்ததுதான் ப்ளூஸ்ங்கிற இசையாம். ஒரு வார்த்தை புரியலை. ஆனா அந்த இழுவை எனக்குப் பழக்கமானது. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப் போன பிறகு வர்ற இழுவை அது.

அந்தப் பாட்டைப் பத்தி மகன் சொன்ன சேதிதான் என்னைய ரொம்ப யோசிக்க வச்சது. 1941ல ஆலன் லோமாக்ஸ்னு ஒருத்தர் பதிவுக் கருவியைத் தூக்கிக்கிட்டு அந்தப் பருத்திக் காட்டுக்கே போயிருக்கார். அமெரிக்க அரசோட காங்கிரஸ் நூலகத்துக்காக. மட்டி வாட்டர்ஸைப் பாடச் சொல்லிப் பதிஞ்சிருக்கார். தன் குரலைத் தானே திருப்பிக் கேட்ட பிறகுதான், நம்மாலயும் முடியும்னு அந்த மனுஷனுக்குத் தோணியிருக்கு. ரெண்டு வருஷத்துல சிகாகோ போய்ப் பெரிய பாடகர் ஆயிட்டார். ஒருத்தர் தேடிப் போய்க் கேட்டதனால வந்த வினை அது, நல்ல வினை.

நம்ம பக்கமும் அப்படித் தேடிப் போனவங்க இருக்காங்க. நா. வானமாமலை நாட்டுப் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாக் கொண்டு வந்தார். மதுரைப் பக்கம் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவங்க வீட்டுக்காரரும் ஊர் ஊராப் போய்ச் சேகரிச்சு, மேடையேத்திப் பாடினாங்க. சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி, மதுரைக்குப் பக்கத்துப் பரவை முனியம்மா மாதிரி எழுத்துப் படிக்காதவங்க வானொலிக்கும் சினிமாவுக்கும் வந்தாங்க. ஆனா ஊருக்கு ஒரு கருப்பாயி இருந்தாங்களே, அவங்க எல்லாரையும் யார் போய்ப் பார்க்கிறது?

இதுக்காகத்தான் அந்த 20ஆவது இடம். எந்தச் செயலியிலயும் கிடைக்காத ஒரு பாட்டை, நம்ம சனத்துல ஒருத்தர் வாயில இருந்து பதிஞ்சு அந்த இடத்துல வைக்கணும். சில மாசம் கிடைக்கும், சில மாசம் கிடைக்காது. கிடைக்காட்டி காலியாவே கிடக்கட்டும்னு விட்டுடுவேன். அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் யாரைப் போய்க் கேக்கலாம்னு நினைப்பு வரும்.

இந்தப் பாட்டு எல்லாம் ஏன் போச்சுன்னா, வேலை போச்சு. கமலை போய் மோட்டார் வந்தது, கமலைப் பாட்டு போச்சு. களைக்கொல்லி வந்தது, களையெடுப்புப் பாட்டு போச்சு. கமலை திரும்ப வரணும்னு நான் ஆசைப்படலை. விடியக் காலம் மூணு மணிக்கு மாட்டைப் பூட்டி எங்க அய்யா பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டம் ஒழிஞ்சது நல்லதுதான். ஆனா கஷ்டத்தோட சேர்த்து அந்தக் கஷ்டத்தைத் தாங்கிக்கக் கண்டுபிடிச்ச பாட்டையும் ஏன் புதைக்கணும்? முளைப்பாரிக்குக் கூட இப்பக் குமரிப் பிள்ளைங்க கும்மி அடிக்குதுங்க, பாட்டு மட்டும் ஸ்பீக்கர்ல ஓடுது. எல்லா ஊருக்கும் ஒரே பாட்டு. முன்ன ஒவ்வொரு ஊரு முளைப்பாரிப் பாட்டுலயும் அந்தந்த ஊருக் கம்மாய் பேரும் சாமி பேரும் வரும்.

ஒரு வகைப் பாட்டை மட்டும் நான் பட்டியல்ல சேர்க்கிறதில்லை. சாதிப் பெருமை பாடுற பாட்டு. கோயில் கொடையில அதைச் சத்தமா வச்சு, பக்கத்துத் தெருவைச் சீண்டி, வெட்டுக்குத்துல முடிஞ்சதை எங்க தென் மாவட்டத்து ஆளுக நிறையவே பார்த்திருக்கோம். பறை அடிக்கிறவனைச் சாவுக்கு மட்டும் கூப்பிட்டு மத்த நாள்ல தள்ளி நிக்க வச்ச ஊரு இது. என் பட்டியல்ல பறை நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல, முதல் அஞ்சுக்குள்ள இருக்கும். பல வகைப் பாட்டு கேக்குறேன்னு சொல்லிக்கிட்டு, அடிக்கிறவனை மதிக்காட்டி அது என்ன கேள்வி?

பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்க. வர்றப்ப அப்பத்தாவையோ அம்மாச்சியையோ, அவங்க இல்லாட்டி தெருவுல ஒரு வயசான பாட்டியையோ பக்கத்துல உக்கார வச்சுக் கேளுங்க. எடுத்த எடுப்புல 'பாட்டுப் பாடுங்க'ன்னா 'எனக்கு என்ன தெரியும்'பாங்க. முதல்ல வேலையைப் பத்திக் கேளுங்க. என்ன களை வெட்டுனீங்க, யாரு கூடப் போனீங்க, எந்தப் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுனீங்கன்னு கேட்டா பாட்டு தன்னால வரும். ஃபேனை நிறுத்திடுங்க, போனை விமான நிலைக்கு மாத்திடுங்க, பாதியில அழைப்பு வந்து கெடுக்கும். பேரு, ஊரு, எந்த வேலைக்குப் பாடுனது, என்னைக்குப் பதிஞ்சதுன்னு அவங்க வாயாலயே சொல்ல வச்சு முதல்ல பதிஞ்சுக்குங்க. ஒப்பாரி மட்டும் வீட்டுக்குள்ள, நல்ல நாள்ல பாடச் சொல்லாதீங்க. பெரும்பாலும் பாட மாட்டாங்க, மனசு சங்கடப்படும். இன்னொரு நாள் காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போய்க் கேளுங்க. பதிஞ்சதை அவங்களைக் கேக்காம எங்கயும் போட்டுடாதீங்க. அது அவங்க சொத்து.

பதிஞ்சு முடிச்சதும் ஒரு தடவை அவங்களுக்கே போட்டுக் காட்டிட்டு எந்திரிங்க. பாதிப் பேரு தன் குரலை அன்னைக்குத்தான் முதல் தடவை கேப்பாங்க.