இடைத் தலைமுறை

விண்கலக் கதை என்றாலே நம் சிறுபத்திரிகை விமர்சகர்கள் முகம் சுளிக்கிறார்கள். வாரப் பத்திரிகைச் சரக்கு, அனுபவ உண்மையற்றது என்பது தீர்ப்பு. தீர்ப்புக்கு முன் படிக்கவேண்டும் என்ற சம்பிரதாயம் நம்மிடையே கிடையாது. 1974இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வீடிஷ் கவி ஹாரி மார்ட்டின்ஸனின் 'அனியாரா' (1956), திசை தப்பிய விண்கலத்தைப் பற்றி 103 பகுதிகளில் அமைந்த நெடுங்கவிதை. ராபர்ட் ஹைன்லைனின் 'யூனிவர்ஸ்' (1941) கதையில், கலத்திலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து சாகிறவர்களுக்கு, தாம் இருப்பது கலம் என்பதே மறந்துபோகிறது.

இங்கே விஷயம் விஞ்ஞானம் அல்ல. ஏறியவன் ஒருவன், இறங்கப்போகிறவன் வேறொருவன். நடுவில் பிறந்து நடுவிலேயே சாகிறவனின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

இது நமக்கு அந்நியமா? ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை முகாமும் ஊத்தங்கரைப் பாம்பாறு அணை முகாமும் தூரத்தில் இல்லை. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழக முகாம்களில் வளர்கிறார்கள். 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவரேனும் பிரஜையாக இல்லாவிட்டால், இங்கே பிறந்தாலும் இந்தியப் பிரஜை இல்லை. 2021இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பிரஜாவுரிமை மாநில அரசின் கையில் இல்லை. இவர்களில் பலர், 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் வம்சம். புறப்பட்ட கரைக்கே திரும்பியும் இறங்க அனுமதியில்லை.

முகாம் என்றதும் நம் கவிகள் பனைமரத்தையும் கடலையும் இழந்த வீட்டையும் எழுதுகிறார்கள். அது ஏறியவனின் துக்கம், பொய்யல்ல. ஆனால் கெலவரப்பள்ளியில் பிறந்தவனின் காதில் விழுவது தெலுங்கும் கன்னடமும் கலந்த தமிழ். கண்ணில் படுவது சிப்காட்டின் ஷிப்டு பஸ்கள். படிப்பு முடித்தும் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள் முகாம்களில் ஏராளம். பார்த்தறியாத கடலுக்காக இவன் அழவேண்டும் என்று எதிர்பார்ப்பதும், அழாவிட்டால் வேரற்றவன் என்பதும் விமர்சனத்தின் பெயரால் நடக்கும் அராஜகம் என்கிறேன்.

ஒரு வடிவத்தை மலினமென்று ஒதுக்கியபோது, அது கேட்ட கேள்வியையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டோம்: பிறக்காதவர்கள் சார்பில் கையெழுத்திட யாருக்கு உரிமை? நாட்டை இழந்தவனுக்கு நம் பக்கங்களில் இடமுண்டு. இழப்பதற்கும் ஒரு நாடு வாய்க்காதவனுக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறோம்? விண்கலத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் தங்கள் பழைய இதழ்களைப் புரட்டி எண்ணிச் சொல்லட்டும்.