ஒரு கையெழுத்துப் போதும்!

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்துப் பூங்கா நிலையத்தில் இறங்கும் வாசகர்களே! பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மருத்துவக் கல்லூரியின் புதுக் கட்டடங்கள் நிற்கின்றன அல்லவா? அங்கேதான் சென்னை மத்தியச் சிறை இருந்தது. 2006-இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றி, 2009-இல் மதில்களை இடித்துவிட்டார்கள். அந்த மதிலுக்குள் நடந்த இரண்டு விஷயங்களை இந்த வாரம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலாவது யுத்த காலத்துக் கதை. திருவிதாங்கூர் வக்கத்தைச் சேர்ந்த அப்துல் காதர் என்ற வாலிபர், 1942-இல் இந்திய சுதந்திரத்துக்காகப் பினாங்கிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு மலபார்க் கரையில் இறங்கினார். பிடிபட்டார். எதிரி ஏஜெண்டுகள் அவசரச் சட்டப்படி தனி நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி அவரையும், உடனிருந்த அனந்தன் நாயர், சத்யேந்திர பர்தன், பௌஜா சிங் மூவரையும் இந்தச் சிறையில்தான் தூக்கிலிட்டார்கள். அதற்கு முன் தகப்பனாருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அந்த விசாரணை நியாயமானதென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் குற்றம் இன்னதென்று வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அடுத்தது சுதந்திர இந்தியாவில். 1976 ஜனவரி 31-ஆம் தேதி தமிழ்நாட்டு மந்திரிசபை கலைக்கப்பட்டது. அவசரநிலை அமலில் இருந்த காலம். 'மிசா' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட 1971-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் அன்றிரவு முதல் வீடு வீடாகப் போய் அழைத்துச் சென்றார்கள். ஏன் பிடித்தோம் என்று கைதிக்குச் சொல்ல வேண்டாமென்று 1975-இலேயே சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். வெள்ளைக்காரனும் விசாரணையில்லாமல் அடைத்தவன்தான். அதற்காக நம்மவர்களும் அடைக்கலாமா?

அப்படிப் போனவர்களில் மு. க. ஸ்டாலினும் ஒருவர். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. செங்கற்பட்டுத் தொகுதி மக்களவை உறுப்பினர் சிட்டிபாபுவும் உள்ளே இருந்தார். நம் ரயில் போய் நிற்கிற அதே செங்கற்பட்டுதான். பிப்ரவரி ஆரம்பத்தில் ஓர் இரவு சிறைக்குள் தடிகள் பேசின. ஸ்டாலின் மேல் விழுந்த அடிகளைத் தாமே குறுக்கே நின்று வாங்கிக்கொண்டார் சிட்டிபாபு என்பது உடனிருந்தவர்கள் சொன்னது. 1977 ஜனவரியில் அவர் இறந்துபோனார். பின்னர் நீதிபதி மு. மு. இஸ்மாயில் விசாரித்து, அடித்தது உண்மையே என்று அறிக்கை தந்தார். (கம்பனில் தோய்ந்த அதே இஸ்மாயில்தான்!)

அடிபட்டவர்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்கிறீர்களா? 1976 ஏப்ரல் 28-இல் சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவையும் சாத்திற்று. அவசரநிலையில் ஆட்கொணர்வு மனு செல்லாது என்று நான்கு நீதிபதிகள் சொல்ல, எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். விசாரணையின் நடுவே அவர், ஒரு போலீஸ்காரர் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டாலும் பரிகாரம் கிடையாதா என்று கேட்டாராம். அவசரநிலை நீடிக்கும் வரை கிடையாது என்று பதில் வந்தது. 1977-இல் கன்னாவைத் தாண்டி வேறொருவரைத் தலைமை நீதிபதியாக்க, அவர் ராஜிநாமாச் செய்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது 2017-இல். நாற்பத்தொரு வருஷம்!

மிசா போய்விட்டது. 1980-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விசாரணையில்லாமல் பன்னிரண்டு மாதம் வரை காவலில் வைக்கலாம். ஆலோசனைக் குழுவின் முன் வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. ஆனால் சில கதவுகள் திறந்திருக்கின்றன. காவலுக்கான காரணங்களைச் சாதாரணமாக ஐந்து நாளுக்குள் தர வேண்டும். அவை புரிகிற பாஷையில் இருக்க வேண்டுமென்று கேளுங்கள். சர்க்காருக்கு மனு எழுதுங்கள். ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போடுங்கள். மனுவுக்குப் பதில் சொல்லத் தாமதித்தார்கள் என்ற காரணத்துக்காகவே விடுதலையானவர்கள் உண்டு.

உங்கள் வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 1976 ஜனவரி 30-ஆம் தேதி அந்த வீடுகளிலும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.