ஏழைக்குப் போனாலும் சூது சூதுதான்

தமிழ்நாட்டின் கடன்சுமை பேச்சுக்கு வரும்போதெல்லாம் லாட்டரியைத் திரும்பக் கொண்டுவரலாமே என்ற யோசனையும் தலைதூக்குகிறது. கேரளம் 1967 முதல் நடத்துகிறதே, அந்தப் பணம் ஏழைகளின் மருத்துவத்துக்கும் போகிறதே என்கிறார்கள். இந்த யோசனை கூடவே கூடாது என்பது நம் உறுதியான கருத்து.

இதற்கு இஸ்லாமியச் சட்டம் தரும் பதிலை எல்லோரும் கேட்க வேண்டும். இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவில் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கிப் பங்கு போடுவார்கள். தோற்றவர் தலையில் ஒட்டகத்தின் விலை விழும். வென்றவர் இறைச்சியை ஏழைகளுக்கே கொடுத்துவிடுவது பெருமையாகக் கருதப்பட்டது என்று குர்ஆன் விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சூதில் சில பயன்கள் உண்டு என்பதை 2:219 வசனம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் பாவம் அதைவிடப் பெரிது என்கிறது. 5:90 அடியோடு விலகச் சொல்லிவிட்டது. ஏழைக்குப் போகிறது என்ற சமாதானம் அன்றே எடுபடவில்லை.

1968இல் அண்ணா ஆட்சி பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றார்கள். எண்ணம் நல்லதுதான். நாட்டுக்குப் போனதோ அன்றாடங்காய்ச்சியின் கூலி. 1975இல் நின்று, பிறகு திரும்பி வந்த லாட்டரியை 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தடை செய்தது. அந்தத் தடை நீடிக்க வேண்டும்.

அரசே ஆட்டம் நடத்துவதை நம் தூத்துக்குடிக் கரை முன்பே பார்த்திருக்கிறது. வெள்ளையர் கால முத்துக்குளிப்பில் திறக்காத சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போயின. வாங்கியவர் அவற்றை அழுகவிட்டு, அந்த நாற்றத்தில் உட்கார்ந்து அலசினால்தான் முத்தா வெறும் ஓடா என்பது தெரியும். மூழ்கி எடுத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசுக்கு. ஏலம் முடிந்ததும் அரசின் காசு பத்திரம், நட்டமெல்லாம் வாங்கியவருக்கு. முக்குளிப்பவர் இனி எடுக்கப்போவதை முன்கூட்டியே விலைபேசக் கூடாது என்று ஒரு நபிமொழி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. ஆனாலும் உண்டா இல்லையா என்றே தெரியாததை விற்கலாகாது என்பது சட்ட அறிஞர்கள் ஏற்ற விதி. மூழ்கியவரின் உழைப்பை யாரும் சூது என்று சொல்லவில்லை. வெறும் வலையோடு கரை திரும்பும் மீனவரும் அடுத்தவர் தோல்வியில் பிழைப்பவரல்ல.

தடையை மீறி இன்று நடக்கும் மூன்று நம்பர் லாட்டரியில் அச்சடித்த சீட்டுகூடக் கிடையாது. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை ஊகித்துச் சொன்னால் துண்டுத்தாளில் எழுதித் தருகிறார்கள். பகல் மூன்று மணி முடிவை செல்பேசியில் பார்த்ததும் தாள் குப்பைக்குப் போகிறது, கூலியும் கூடவே.

ஊர்ச்சீட்டில் யாருக்கு முதல் தொகை என்று குலுக்குவதை இதோடு சேர்க்க வேண்டாம். அங்கே ஒவ்வொருவரும் கட்டியது அவரவருக்கே திரும்புகிறது. ஆனால் பள்ளிவாசல் நிதிக்கு என்று பரிசுக் கூப்பன் விற்பதும் லாட்டரிதான். ஜமாஅத்துகள் அதைத் தயங்காமல் தடுக்க வேண்டும்.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடை செய்துவிட்டது. செல்பேசியில் ஆகாதது சீட்டில் மட்டும் எப்படி ஆகும்? தூத்துக்குடி மாவட்டக் காவல்துறை தெருமுனையில் நம்பர் எழுதுபவரைப் பிடித்து வழக்குப் போடுவதோடு நின்றுவிடக் கூடாது. அவரிடமிருந்து பணம் யார் கைக்குப் போகிறது என்று தேடிப்போய், அந்த ஆளைக் கூண்டில் ஏற்ற வேண்டும்.