டெப் போதும்னு சொல்றவங்களுக்கு

"தோட்டத்துப் பிள்ளைக்கு டெப் போதும்." ஏ.எல் படிக்கிற பிள்ளைக்கு என்ன வாங்கலாம்னு நோட்டன் பிரிட்ஜில் கேட்டுப் பாருங்க, இந்தப் பதில்தான் வரும். கடைக்காரர் சொல்றார், நன்கொடை தர்றவர் சொல்றார், சில ஆசிரியர்களும் சொல்றாங்க. தங்கட பிள்ளைக்கு மட்டும் லெப்டொப் வாங்குறாங்க.

டெப் பார்க்கிறதுக்கான சாமான். வீடியோ, பிடிஎஃப், சூம் வகுப்பு எல்லாம் ஓடும். ஆனா ஏ.எல் ஐசிடியில் பைத்தன் இருக்கு, தரவுத்தளம் இருக்கு. அதை விரலால தட்டிப் பழகச் சொல்றது, கொழுந்து எடுக்கிறதைப் படத்தில பார்த்துப் பழகச் சொல்ற மாதிரி. தமிழ்நாட்டு அரசாங்கம் 2011இல் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினது லெப்டொப்தான். அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதானேன்னு டெப்போட நிறுத்தல.

குரோம்புக்? இன்டர்நெட் இருந்தாத்தான் அதுக்கு உயிர். சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறின 2020 மறந்துபோச்சா? டெஸ்க்டொப்பும் வேணாம். கரண்ட் எடுக்க அணை கட்டின ஊர்தான் நம்மது. ஆனா 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின நாடும் இதுதான்.

பெரிய பொறி, புது மலிவு லெப்டொப். பெட்டி பளபளக்கும். உள்ளே செலரன், 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். விண்டோஸ் 11 கேட்கிற குறைந்தபட்சமே அவ்வளவுதான். பல மொடல்ல ரேம் போர்டோடயே ஒட்டியிருக்கும், பிறகு கூட்டவே முடியாது. அதுக்குப் பதிலா கம்பனிகள் கழிச்சுவிட்ட திங்க்பேட் டி480, லெட்டிடியூட் 5490 மாதிரி ஒண்ணைத் தேடுங்க. எட்டாம் தலைமுறை இன்டெல். ரேம், எஸ்எஸ்டி ரெண்டும் மாத்தலாம். அதுக்கு முந்தினதுன்னா யோசிங்க. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. லினக்ஸ் போடத் தயார்னா சரி.

"பழசையா வாங்குறது?"ன்னு அம்மா முகம் சுளிப்பாங்க. கணக்குப் போட்டுக் காட்டுங்க. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபா ஆச்சு. அந்தக் கணக்கில ஒரு லட்சம்னா 74 பேர். அதுவும் கொழுந்து குறைஞ்சு அரைப்பேர் விழாத 74 நாள். அந்தக் காசைக் கூட்டவும் மாத்தவும் முடியாத பெட்டியில கொட்டுறதுதான் அவமானம்.

ஹட்டன் டவுனுக்குப் போனா, சார்ஜரைக் கழற்றி அரை மணித்தியாலம் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்க. எல்லாக் கீயையும் தட்டிப் பாருங்க. முறைச்சார்னா அடுத்த கடைக்கு நடங்க.