மலைச்சரிவில் உயரத்தை எங்கிருந்து அளப்பது?

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பில்லிங். அதன் கீழே பீர் என்னும் சிற்றூர். 2015ஆம் ஆண்டு பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்ற இடம் இது. அதே சரிவில் மலை மிதிவண்டி ஓட்டுவோரும் இறங்குகின்றனர். மேய்ப்பர்கள் மந்தைகளோடு ஏறியிறங்குகின்றனர். இவர்கள் அனைவருக்கும் மேலே இப்போது ட்ரோன்களும் பறக்கத் தொடங்கிவிட்டன.

சட்டம் இல்லை என்று எவரும் கூற இயலாது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாம். 2 கிலோ வரை எடையுள்ள ட்ரோனை வணிக நோக்கமின்றி இயக்குவோருக்கு இயக்குநர் சான்றிதழும் தேவையில்லை. சமவெளிக்கு இவை போதுமானவையாக இருக்கலாம். மலைக்குப் போதா.

காரணம் எளிது. விதி உயரத்தைத் தரையிலிருந்து அளக்கிறது. பெரும்பாலான ட்ரோன்களின் திரையோ கிளம்பிய இடத்திலிருந்து அளக்கிறது. முகட்டில் நின்று 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிய ட்ரோனைப் பள்ளத்தாக்கின் பக்கம் நேராகச் செலுத்தினால், கீழே நிலம் 200 மீட்டர் இறங்கியிருக்கும்போது அது தரைக்கு மேல் 300 மீட்டரில் பறக்கும். திரையில் அப்போதும் 100 என்றே தெரியும். விதியை மதிப்பவரே அறியாமல் விதியை மீறி, பாராகிளைடர்களின் வழிக்குள் நுழைந்துவிடுகிறார். அங்கே ஒரு மனித உயிரைத் தாங்குபவை மெல்லிய கயிறுகள். ‘திரும்பி வா’ என்னும் பொத்தானிலும் இதே சிக்கல் உண்டு: முன்கூட்டிக் குறித்த உயரத்தைவிட உயர்ந்த ஒரு முகடு இடையில் இருந்தால், தடையறியும் வசதியற்ற ட்ரோன் அதில் மோதும்.

மிதிவண்டி ஓட்டுபவரின் நிலையும் எண்ணத்தக்கது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவர் ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கிறார். தலைக்கு மேல் எழும் இரைச்சலைக் கேட்டு ஒரு நொடி நிமிர்ந்தால், அந்தப் 10 மீட்டரில் கிடக்கும் கல்லையும் வேரையும் அவர் காண்பதில்லை. 2015 டிசம்பரில் இத்தாலியின் மதோனா தி காம்பிலியோவில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியில், வீரர் மார்செல் ஹிர்ஷரின் பின்னால் மிக அருகில் ஒரு படப்பிடிப்பு ட்ரோன் விழுந்து நொறுங்கியது. அதன்பின் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் ட்ரோனுக்குத் தடை விதித்தது.

ஆயினும் முழுத் தடை இங்கே தீர்வாகாது. மழைக்காலத்துக்குப் பின் தடங்களின் அரிப்பைக் காணவும், சரிவில் விழுந்து கிடப்பவரைத் தேடவும் ட்ரோன் உதவும். படம்பிடிப்பதை நம்பிப் பிழைக்கும் இளைஞர்களும் உள்ளனர். தேவைப்படுவது, நாட்டின் சட்டத்துக்குக் கீழே அந்தந்தத் தடத்துக்கெனச் சில ஒழுங்குகள். பாராகிளைடர்கள் பறக்கும் நேரத்தில் ட்ரோன் தரையிலேயே இருக்க வேண்டும். கிளம்பும் இடம் ஒன்றாகவும் யாவரும் அறிந்ததாகவும் இருக்க வேண்டும். நிலம் சரியும் அளவுக்கு ட்ரோனும் தாழ வேண்டும். ஓட்டுபவரின் தலைக்கு மேலோ முகத்துக்கு எதிரேயோ பறக்கவிடாமல், பக்கவாட்டில் விலகி, அவருடைய இசைவோடு மட்டுமே படமெடுக்க வேண்டும். மரங்களுக்கிடையே ட்ரோன் கண்ணுக்கு மறைந்தால் திருப்பிவிட வேண்டும். மந்தைகளையும், பாறு கழுகுகள் கூடு கட்டும் இடங்களையும் நெருங்கலாகாது.

இவற்றை வகுக்கத் தில்லியிலிருந்து எவரும் வர வேண்டியதில்லை. காற்று எந்நேரத்தில் எழும், மந்தை எவ்வழி வரும் என்பதை அவ்வூரார் அறிவர். பஞ்சாயத்தும், பாராகிளைடர் விமானிகளும், மிதிவண்டி வழிகாட்டிகளும், மேய்ப்பர்களும், வனத்துறையினரும் பருவம் தொடங்குமுன் ஒரு நாள் கூடி முடிவுசெய்து, தடத்தின் தொடக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதும். முதல் விபத்துக்குப் பின் எழுதப்படும் பலகை, விழுந்தவருக்கு உதவாது.