ஒரே அட்டைதான்: ஊருக்குள் மோட்டார் சைக்கிள், ஊருக்கு வெளியே லொறி

உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 'ஏ', முச்சக்கர வண்டிக்கு 'பி1', காருக்கு 'பி', கனரக லொறிக்கு 'சி' என்று எல்லாப் பிரிவுகளும் ஒரே அட்டையில்தான் இருக்கின்றன. லொறிக்கென்று தனி அட்டை கிடையாது. இது எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான். ஆனால், அந்த அட்டையை நம்பிச் சோறு உண்ணும் குடும்பங்களுக்கு இதன் விளைவு என்ன என்பதை நாம் யோசிப்பது குறைவு.

மன்னார்த் தீவில் பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம், பெருநிலப்பரப்பில் சிலாவத்துறை, விடத்தல்தீவு என்று எங்கு பார்த்தாலும் லொறி ஓட்டிப் பிழைக்கும் வீடுகள் இருக்கின்றன. மீன், கருவாடு, நெல், உப்பு, கட்டடப் பொருட்கள் எல்லாம் அவர்கள் கையால்தான் போய் வருகின்றன. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலரின் வாப்பாமாரும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு நியமனக் கடிதமோ மாதச் சம்பளமோ இல்லை. ஓடினால் அன்றைய காசு, ஓடாவிட்டால் ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட ஒரு சாரதி விடுமுறை நாளில் தலைக்கவசம் இல்லாமல் பள்ளிவாசலுக்கோ கடைக்கோ மோட்டார் சைக்கிளில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொலிஸார் மறிக்கிறார்கள். எழுதப்படுவது மோட்டார் சைக்கிள் குற்றம். வாங்கி வைக்கப்படுவதோ லொறி ஓட்டும் அதே அட்டை. ஸ்தலத் தண்டம் என்றால் கையில் கிடைக்கும் தற்காலிகப் பத்திரத்துடன் 14 நாட்கள் ஓடலாம். அதற்குள் தபாலகத்தில் கட்டாவிட்டால் தண்டம் இரட்டிப்பாகும். அதையும் தவறவிட்டால் நீதிமன்றம். தவணைக்குப் போகாவிட்டால் பிடியாணை. சிறிய தவறு இப்படித்தான் படிப்படியாக வேலையைத் தின்கிறது.

எங்கள் சாரதிமாருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அநுராதபுரத்திலோ அதற்கப்பாலோ தண்டம் எழுதப்பட்டால், பணத்தைக் கட்டிய பின் அதே பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பிப் போய்த்தான் அட்டையை எடுக்க வேண்டியிருந்தது. 2025 இல் அறிமுகமான 'கவ்பே' முறையில் அந்த இடத்திலேயே கைபேசியால் பணத்தைச் செலுத்தி அட்டையைப் பெற வழி பிறந்தது. இது நல்ல மாற்றம். ஆனால் வங்கிச் செயலி பாவிக்கத் தெரியாத ஐம்பது வயதுச் சாரதிக்கு அதை யார் சொல்லிக் கொடுப்பது?

அடுத்து வருவது குறைபுள்ளி முறை. தொடங்கும் திகதி பலமுறை தள்ளிப்போடப்பட்ட இத்திட்டத்தில், 24 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் 12 மாதங்களுக்குச் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புள்ளி விழுவது வாகனத்துக்கு அல்ல, ஆளுக்கு. வளைகுடாவில் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஐக்கிய அரபு அமீரகத்திலும் 24 கறுப்புப் புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் முடக்கப்படும். அமெரிக்காவிலும், சொந்தக் காரில் செய்த பாரதூரமான குற்றங்கள் வணிக வாகனம் ஓட்டும் உரிமையைப் பறிக்கக்கூடும்.

இது அநியாயமா? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். மதுபோதையிலோ கண்மூடித்தனமான வேகத்திலோ சொந்த வாகனத்தை ஓட்டுபவரிடம், பத்துத் தொன் பாரத்தை நம்பி ஒப்படைக்க முடியாது. இந்நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் உயிரிழக்கிறார்கள். கழுதைகளும் மாடுகளும் இரவில் படுத்துக் கிடக்கும் எங்கள் வீதிகளில் ஒரு நொடிக் கவனக்குறைவே போதும். உயிர் அமானிதம், அதில் சலுகை கேட்க முடியாது.

ஆனால் நீதி என்பது தவறை உரியவர் தலையில் போடுவது. அளவுக்கு மிஞ்சிய பாரம், தேய்ந்த டயர், எரியாத பின்விளக்கு ஆகியவை பெரும்பாலும் லொறி உரிமையாளரின் முடிவுகள். பேலியகொடை மீன் சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டும் என்று நெருக்குபவரும் அவரே. வில்பத்து ஊடான பழைய பாதை வழக்கில் சிக்கி மூடப்பட்டிருப்பதால், மன்னாரிலிருந்து புத்தளம் போவதற்கே மதவாச்சி, அநுராதபுரம் என்று சுற்ற வேண்டியிருக்கிறது. 1990 இல் வெளியேற்றப்பட்ட நாள் முதல் இரண்டு ஊரிலும் குடும்பம் பிரிந்து வாழும் எம்மவருக்கு இந்தத் தூரத்தின் களைப்பு நன்றாகத் தெரியும். நேரம் குறைவு, தூரம் அதிகம். வேகத்துக்கான தண்டப்பத்திரம் மட்டும் சாரதியின் பெயரில்.

எனவே மூன்று விடயங்களை முன்வைக்கிறேன். முதலாவது, புள்ளி முறை நடைமுறைக்கு வரும்போது வாகனத்தின் குறைபாட்டுக்கும் அதிக பாரத்துக்கும் உரிமையாளரே பொறுப்பேற்க வேண்டும். சாரதி தனக்கு விழுந்த புள்ளியை எதிர்த்து முறையிட இலகுவான வழியும் தமிழில் விளக்கமும் வேண்டும். இரண்டாவது, உரிமையாளர்களில் பலர் நம்மவர்களே. புறப்படும் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவதும், தமது குறையால் வந்த தண்டத்தைக் கூலியில் கழிக்காமல் தாமே கட்டுவதும் சட்டம் வந்துதான் செய்ய வேண்டியவை அல்ல. உழைத்தவரின் கூலி விடயத்தில் மார்க்கம் எவ்வளவு கண்டிப்பானது என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, நமது வீடுகள். வாப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாடசாலைக்கு வரும், அனுமதிப்பத்திர வயதை எட்டாத மாணவர்களைக் காண்கிறேன். பிடிபட்டால் வாகனத்தைக் கொடுத்தவரும் சட்டத்தின் முன் நிற்க வேண்டும். அவர் லொறிச் சாரதி என்றால், வழக்குக்கு அலையும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வருமானம் இல்லாத நாள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லலாம். 'கவ்பே'யில் பணம் செலுத்தும் முறையை இளைஞர்களைக் கொண்டு சாரதிமாருக்குக் காட்டிக் கொடுக்கலாம்.

ஒரு சாரதியின் அட்டை பறிபோனால் உரிமையாளர் மறுநாளே வேறொருவரை அமர்த்திக்கொள்வார். அந்த வீட்டுப் பிள்ளைக்கோ பாடசாலைக்கு வரப் பஸ் காசு இருக்காது. தலைக்கவசத்தைத் தலையில் போடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?